பின்னால் முளைத்தது பற்றிய விளக்கம்

சீசா, பலெர்மோ,
1995 ஆனி 11, ஞாயிறு

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய சம்மந்தியார், எமிலியானுஸ் மூப்பர் அவர்களுக்கு,

ஆண்டவருக்குத் தோத்திரம். பீலிக்ஸ் எழுதிக்கொள்வது. நாங்கள் எல்லோரும் சுகம், மன்னாரில் நீங்களும் சுகமாயிருக்க மாதாவை மன்றாடுகிறோம் என்று எழுதாமல் கடிதம் தொடங்கக் கூடாது என்பதால் எழுதிவிட்டேன். உண்மையில் மூன்று நாளாக எனக்குச் சுகமில்லை. உங்கள் கடிதம் வந்தது வியாழக்கிழமை. அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை, இறங்கினதும் தங்கவில்லை. மனைவி செலஸ்ரீனா கேட்டாள், "இஞ்சேருங்கோ, மூப்பர் என்ன எழுதியிருக்கிறார்?" என்று. மழை இல்லையாம் என்று சொல்லிவிட்டேன். தபசு காலம் முடிந்து இரண்டு மாதத்தில் சொன்ன பொய் அது, அதையும் உங்கள் கணக்கில்தான் எழுத வேண்டும்.

நீங்கள் எழுதியிருப்பது நாலே வரி. எனக்கு மனப்பாடம். "விமலராஜ் தாயாருக்கு அனுப்பின படத்தைப் பார்த்தோம். பின்னால் முளைத்து நிற்பதையும் பார்த்தோம். ஒரு வேதக்காரக் குடும்பத்துக்குள் இது எங்கிருந்து வந்தது? தகுந்த விளக்கம் வரும்வரை கல்யாணப் பேச்சை நிறுத்தி வைக்கிறேன்." நாலு வரிக்கு இத்தனை பக்கத்தில் பதில் எழுதுகிறவனிடம் குற்றம் இருக்கத்தான் வேண்டும் என்று நினைப்பீர்கள். பொறுத்துக் கேளுங்கள். மகன் ஸ்ரீபனுக்கு நான் இன்னும் சொல்லவில்லை. அவன் ஒரேத்தோவில் ஒரு சாப்பாட்டுக் கடையின் குசினியில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்து, உங்கள் மகள் றெபேக்காவின் கடிதத்தை மறுபடி மறுபடி படித்துவிட்டுத்தான் படுக்கிறான். கடிதங்களைப் பிஸ்கற் பேணிக்குள் வைத்திருக்கிறான். பேணி நிரம்பி இரண்டாவது பேணிக்காக நாங்கள் எல்லோரும் பிஸ்கற் தின்று கொண்டிருக்கிறோம். இந்தக் கல்யாணம் நின்றால் அவன் தாங்க மாட்டான். அவனைப் பார்த்துக்கொண்டு நானும் தாங்க மாட்டேன். ஆகவே நடந்ததை நடந்தபடி, ஒன்றையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

முதலில் ஒரு சிறு திருத்தம். பின்னால் என்று எழுதியிருக்கிறீர்கள். அது என் தலைக்கு மேலே இருந்தது. சம்மந்தியின் மானத்தை நினைத்து நீங்கள் அப்படிப் பூசி மெழுகியிருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். விமலராஜ் கமராவைத் தூக்கியதை நான் கண்டேன். எங்கள் தமிழ்ப் பூசைக்கு அவன்தான் படம் பிடிக்கிறவன். கோயிலுக்குள் பளிச்சென்று வெளிச்சம் அடித்தபோதே, இது நேரே மன்னாருக்குத்தான் போகப் போகிறது என்று என் மனம் சொன்னது.

நான் கால்சாவில் கடற்கரைப் பக்கம் ஒரு சிஞ்ஞோரா வீட்டில் ஒன்பது வருடமாக வேலை செய்வது உங்களுக்குத் தெரியும். எண்பத்திரண்டு வயது, தனியாக இருக்கிறவர், நல்ல மனுசி. இந்த ஊரில் பெரிய வியாழனன்று நற்கருணை வைக்கிற பீடத்தை ஆண்டவரின் கல்லறை என்று சொல்லிச் சோடிப்பார்கள். அதற்காகப் பெண்கள் தபசு காலத்திலேயே ஒரு தட்டில் பஞ்சைப் பரப்பி, கோதுமையைத் தூவி, வெளிச்சம் படாமல் அலுமாரிக்குள் வைத்து முளைக்க விடுவார்கள். இருட்டில் வளர்கிற பயிர் பச்சை பிடிக்காது, வெள்ளை வெளேரென்று நீளமாக வரும். அதற்குச் சிவப்பு ரிபன் கட்டிக் கல்லறையைச் சுற்றி வைப்பார்கள். சிசிலிக்காரர் பேச்சில் அதன் பெயர் லவுரெட்டி. இவ்வளவும் எனக்கு இன்றைக்குத் தெரியும். பங்குனி மாதத்தில் தெரியாது. சிஞ்ஞோரா வருடாவருடம் தானே விதைத்து, அலுமாரியைப் பூட்டித் திறப்பைத் தன்னோடு வைத்திருப்பார். உள்ளே நகை இருக்கிறது என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

இந்த வருடம் அவருக்குக் கண்ணில் ஒப்பரேசன். உரோமாபுரியில் மகள் வீட்டுக்குப் புறப்பட்டுப் போனார், பெரிய வியாழனன்று திரும்பி வருவதாக ஏற்பாடு. வாசலில் நின்று என் கையைப் பிடித்து, "ஃபெலிச்சே," என்றார். பீலிக்ஸ் என்பது அவர் வாயில் அப்படித்தான் வரும், சந்தோஷமானவன் என்று அர்த்தம். "ஃபெலிச்சே, லவுரெட்டியைக் கவனித்துக்கொள். இருட்டில், தெரிந்ததா? ஒவ்வொரு நாளும் கொஞ்சம் தண்ணீர், அதிகம் வேண்டாம்." இங்கேதான் மூப்பர், சனி பிடித்தது. இத்தாலியனில் லவொரெத்தி என்றால் வீட்டுச் சில்லறை வேலைகள். கூட்டுதல், துடைத்தல், தூசு தட்டுதல். சிசிலிப் பேச்சு எனக்கு எட்டாது. ஆகவே நான் விளங்கிக்கொண்டது இதுதான்: சில்லறை வேலைகளை இருட்டில் செய், தண்ணீரைக் குறைவாகப் பாவித்துக்கொள். பலெர்மோவில் குழாய்த் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும், கரண்டும் நெருப்பு விலை. மனுசி சிக்கனம் பார்க்கிறார், நியாயம்தானே என்று எண்ணினேன்.

அன்றிலிருந்து ஜன்னல் எல்லாவற்றையும் சாத்தி, லைற்றைப் போடாமல், ஒரு கோப்பைத் தண்ணீரோடு முழங்காலில் நின்று எட்டு அறையையும் துடைத்தேன். இருட்டில் சப்பாத்து மினுக்குகிற கறுப்பு மையை எடுத்து வெள்ளிக் குத்துவிளக்கு மாதிரி இருக்கிற அவர்களுடைய மெழுகுதிரித் தண்டுகளுக்குப் பூசினேன். சூசையப்பர் சுரூபத்தைத் துடைக்கப் போய்ச் சுவரில் தொங்கிய சிஞ்ஞோராவின் புருஷனுடைய படத்தைத் துடைத்து, அவருக்கே ஒரு பரமண்டல மந்திரமும் சொல்லிவிட்டேன். ஒருநாள் அவருடைய மகன், புரொபெசோரே, பழைய காலத்துக் கதைகளைப் பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கிறவர், தாயின் கண்ணாடியை எடுக்க வந்திருக்கிறார். கதவைத் திறந்தால் கும்மிருட்டு, நடுவில் ஒரு மனுசன் முழங்காலில் குனிந்து முணுமுணுக்கிறான். நான் முணுமுணுத்தது முதுகு நோவு தாங்காமல். அவர் சத்தம் போடாமல் காலை எடுத்து வைத்துத் திரும்பிப் போய், கோயிலில் சுவாமியாரிடம் சொல்லியிருக்கிறார், அம்மா வீட்டுத் தமிழன் தபசு காலம் முழுக்க இருட்டில் முழங்காலில் இருக்கிறான் என்று. சுவாமியார் பேர் சொல்லாமல் அதைப் பிரசங்கத்தில் எடுத்துப் பேசினார். கேட்டுக்கொண்டிருந்த எனக்குக் கண்ணீர் வந்தது. யாரோ புண்ணியவான் என்று நினைத்தேன்.

அப்படி இருட்டில் தடவித் தடவி வேலை செய்யும்போது அலுமாரித் திறப்பு கதவிலேயே தொங்குவது கையில் பட்டது. எனக்காக விட்டுப் போயிருக்கிறார். திறந்தேன். கம்பளிக் கோட்டுகளுக்கு நடுவில், ஈரப் பஞ்சின் மேல், வெளிறிப்போய் ஏதோ முளைத்துக் கிடக்கிறது. எலி கோதுமையைக் கொண்டுவந்து ஒளித்து வைத்துப் பூஞ்சணம் பிடித்துவிட்டது, பாவம் மனுசிக்குக் கண் தெரியாததால் இதுவும் தெரியவில்லை என்று இரங்கி, அவ்வளவையும் வழித்துக் குப்பையில் போட்டுத் தட்டைக் கழுவிக் கவிழ்த்தேன். அடுத்த நாளே உரோமாபுரியிலிருந்து ரெலிபோன் கோல் வந்தது. "ஃபெலிச்சே, லவுரெட்டி எப்படி இருக்கிறது?" என்றார். "எல்லாம் முடிந்தது சிஞ்ஞோரா, ஒரு குறையில்லை," என்றேன். "நீளமா?" என்றார். "நீளம், அகலம், மூலை முடுக்கு எல்லாம்," என்றேன். "வெள்ளையா?" என்று கேட்டார். "பால்போல," என்றேன். நீ ஒரு பொக்கிஷம் என்று சொல்லி மனுசி அழுதுவிட்டார்.

குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்தின ஞாயிறு பூசை முடியச் சுவாமியார் ஒரு சின்னத் தட்டைத் தூக்கிக் காட்டினார். அதே பஞ்சு, அதே வெள்ளை முளை. "எல்லோரும் பெரிய வியாழனுக்கு லவுரெட்டி கொண்டுவாருங்கள். நடுவிடம் வழக்கம்போல நாற்பது வருடமாக வைக்கிற சிஞ்ஞோராவுக்கு. இந்த முறை அதை வளர்ப்பவர் ஃபெலிச்சே," என்று என்னைக் கை காட்டினார். கோயிலே திரும்பிப் பார்த்துச் சிரித்தது. நானும் சிரித்தேன் மூப்பர். அப்படி ஒரு சிரிப்பை என் சத்துராதிக்கும் நான் விரும்ப மாட்டேன். குப்பை வண்டி வந்துபோய் ஐந்து நாள். மீதி பதினொரு நாள்.

சீசாவில் எங்களுக்குக் கீழ் வீட்டில் இருக்கிறவர் கோபாலசிங்கம், யாழ்ப்பாணத்துச் சைவக்காரர், நல்லது கெட்டதுக்கு முதல் ஆளாக வந்து நிற்பார், வந்தால் போக மாட்டார். அவரிடம் போய்ச் சொன்னேன். கேட்டதும் துள்ளி எழும்பினார். "பீலிக்ஸ் அண்ணை, இது எங்கட முளைப்பாலிகை எல்லோ! கலியாண வீட்டிலை சட்டியிலை போட்டு முளைக்க வைக்கிறது. இதை இவங்கள் எப்ப களவெடுத்தவங்கள்?" என்றார். "களவோ இல்லையோ, எனக்குப் பதினொரு நாளிலை வேணும்," என்றேன். "ஒண்டுக்கும் யோசியாதேங்கோ, என்னட்டை விடுங்கோ," என்றார். யோசித்திருக்க வேண்டும்.

வெறும் கோதுமை போட்டால் தரித்திரம், நவதானியம்தான் முறை என்று அவர் ஒற்றைக் காலில் நின்றார். பயறு, உளுந்து, கடலை, எள்ளு, கொள்ளு, துவரை, அவரை எல்லாம் அவர் வீட்டு ரின்களிலேயே இருந்தன. நெல்லு மட்டும் கிடைக்கவில்லை. அதற்குப் பதிலாகக் குருவித் தீன் ஒரு பைக்கற் வாங்கிக் கொட்டினார். தட்டும் பஞ்சும் சரிவராது என்று பெரிய மண்சட்டி. "இருட்டிலை வைக்க வேணும் கோபாலசிங்கம், அலுமாரிக்குள்ளை," என்று நான் கெஞ்சினேன். "ஏன், இதென்ன கள்ளப் பயிரோ? பயிரெண்டால் சூரியன் பார்க்க வேணும். விளையும் பயிர் முளையிலை தெரியும் அண்ணை," என்று சொல்லிப் பல்கனியில் வைத்தார். அவர் மனைவி குகனேஸ்வரி காலையும் மாலையும் மஞ்சள் தண்ணீர் தெளித்தார். நான் வேலைக்குப் போய் வந்து பார்க்கும்போதெல்லாம் அது ஒரு சாண் உயர்ந்திருந்தது. தலைக்கு மேல் வெள்ளம் போனபிறகு சாண் என்ன முழம் என்ன என்று விட்டுவிட்டேன்.

பெரிய வியாழன் பின்னேரம் சட்டியை எடுக்கப் போனேன். அதை முளை என்று சொல்ல முடியாது, காடு. அவரை கொடிவிட்டுப் பல்கனிக் கம்பியில் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தது. குருவித் தீனிலிருந்து என்னவென்று தெரியாத ஏதோ ஒன்று என் முகத்துக்கு நேரே இலை விரித்து நின்றது. எல்லாம் பச்சைப் பசேல். சட்டியின் வயிற்றில் மூன்று குறி திருநீறு, நடுவில் குங்குமப் பொட்டு, கழுத்தில் மஞ்சள் நூல். கண்ணூறு படாமலிருக்கக் குகனேஸ்வரி செய்த வேலை. நூலைக் கழற்றிச் சிவப்பு ரிபன் கட்டினேன். திருநீற்றைத் துடைத்தேன், ஈரச் சட்டியில் அது இன்னும் நன்றாகப் பிடித்தது. கீழே இறங்கினால் பஸ் இல்லை, அன்றைக்கென்று வேலைநிறுத்தம். சீசாவிலிருந்து கால்சாவுக்கு நடக்க வேண்டும். கையில் தூக்கினால் கொடி முகத்தை மூடி வழி தெரியவில்லை. மூப்பர், நீங்கள் என் நிலையில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? தலையில் வைத்தேன். கோபாலசிங்கம் பிடித்துக்கொள்கிறேன் என்று சொல்லிப் பின்னால் வந்தார், பட்டு வேட்டியோடு. அடுத்த நாள் வருடப் பிறப்பு, கட்டிப் பார்த்தேன் அப்படியே வந்துவிட்டேன் என்றார்.

பெரிய வியாழன் பின்னேரம் இந்த ஊர்ச் சனம் கோயில் கோயிலாகப் போய்க் கல்லறைகளைச் சந்திக்கும். தலையில் சிவப்பு ரிபன் கட்டிய சட்டியோடு ஒருவன், பின்னால் பட்டு உடுத்த இன்னொருவன் வருவதைக் கண்ட இரண்டு கிழவிகள், இது ஏதோ சுற்றுப்பிரகாரம் என்று நினைத்துச் செபமாலையை எடுத்துக்கொண்டு பின்னால் சேர்ந்தார்கள். அவர்களைப் பார்த்து இன்னும் ஆறு பேர். சந்தியில் பொலிஸ்காரர் ஒருவர் வாகனங்களை மறித்து எங்களுக்கு வழிவிட்டுத் தொப்பியைக் கழற்றினார். நான் நின்றால் அவர்கள் நின்றார்கள், நான் தும்மினால் அவர்கள் சிலுவை போட்டார்கள். கால்சாவுக்குள் நுழையும்போது நாற்பது பேருக்குக் குறையாது. வழியில் யாரோ பாட்டும் தொடங்கிவிட்டார்கள். கோயில் வாசலுக்குள் காலை வைத்தேன், விமலராஜின் கமரா பளிச்சென்றது. உங்களுக்கு வந்த படம் அதுதான்.

உள்ளே கல்லறையைச் சுற்றி வெள்ளைத் தட்டுகள் வரிசையாக, அடக்கமாக, அழகாக இருந்தன. நடுவிடம் காலியாக இருந்தது. இறக்கி வைத்தேன். அவரைக் கொடி தானாகவே போய்ப் பக்கத்து மெழுகுதிரித் தண்டைப் பிடித்தது. சுவாமியார் கிட்ட வந்து மூக்குக் கண்ணாடியைப் போட்டார், எடுத்தார், மறுபடி போட்டார். புரொபெசோரே அவருக்குப் பின்னால் வந்து நின்று மெல்லிய குரலில் தொடங்கினார். நான் சொன்னேன் இல்லையா சுவாமி, இது கிறிஸ்துவுக்கு எவ்வளவோ முந்தியது, கிரேக்கப் பெண்கள் செத்துப்போன ஒரு வாலிபத் தெய்வத்துக்காகச் சட்டிகளில் விதை போட்டு முளைக்க வைத்து அழுவார்கள், அடோனிஸ் தோட்டம் என்று பெயர், கோயில் பெயரை மட்டும்தான் மாற்றியது என்றார். சுவாமியாருக்குக் காது சிவந்தது. அது வசந்த காலத்தில் அல்ல, நடுக் கோடையில் நடந்தது என்று படித்தவர்களே சொல்கிறார்கள், இது கோதுமை மணி மண்ணில் விழுந்து மடிய வேண்டும் என்று ஆண்டவர் சொன்னதிலிருந்து வந்தது, மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடாதே என்ற கருத்தில் ஏதோ சொன்னார். இரண்டு பேரும் கிசுகிசுவென்றே சண்டை பிடித்தார்கள், நற்கருணைக்கு முன்னால் சத்தம் போடக்கூடாது என்பதால். நாற்பது பேரும் அதையும் செபம் என்று நினைத்து முழங்காலில் நின்றார்கள்.

"என்ன அண்ணை கதைக்கினம்?" என்று கோபாலசிங்கம் என் காதைக் கடித்தார். சொன்னேன். "அடோனிசோ? அது ஆரெண்டு தெரியுமோ உங்களுக்கு? ஆதிநேசன்! எங்கட ஆக்கள் கப்பலிலை கொண்டு போய்க் குடுத்தது, அவங்கள் வாயிலை பேர் வளைஞ்சு போச்சு. இந்த மனுசருக்குச் சொல்லுங்கோ," என்றார். சொல்லாவிட்டால் தானே சொல்லுவார் போலிருந்தது. மூப்பர், என்னிடம் இருக்கிற இத்தாலியன் வீடு கூட்டுகிற இத்தாலியன். ஆதிநேசனுக்கு அதில் இடமில்லை. "ஐயா சொல்கிறார், இது பழைய சாமான், எங்கள் வீட்டிலிருந்து வந்தது, ஆனால் நன்றாகத் துடைத்திருக்கிறது," என்றுதான் வந்தது. சுவாமியார் என் தோளைப் பிடித்து, "அதுதான். கோயில் செய்தது அவ்வளவும்தான். பழைய சாமானை நன்றாகத் துடைத்தது," என்றார். "பழையது என்று ஒத்துக்கொண்டீர்களே!" என்று புரொபெசோரே சந்தோஷப்பட்டார். "துடைத்தது என்றும் சொன்னேன்," என்றார் சுவாமியார். இருவரும் கை குலுக்கினார்கள். ஆதிநேசனை ஒத்துக்கொண்டுவிட்டார்கள் என்று கோபாலசிங்கமும் அவர்கள் இருவருக்கும் கை கொடுத்தார்.

அந்த நேரம் பார்த்துச் சிஞ்ஞோரா வந்தார், கறுப்புக் கண்ணாடியோடு, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு. சட்டியைத் தடவினார், கொடியைத் தடவினார், திருநீற்றைத் தொட்டு விரலை முகர்ந்தார். "ஃபெலிச்சே, வெள்ளை என்றாயே?" என்றார். எனக்கு வேறு வழி தெரியவில்லை. "சிஞ்ஞோரா, நான் தரையைச் சொன்னேன்," என்று முழுவதையும் கொட்டிவிட்டேன், கறுப்பு மை பூசிய மெழுகுதிரித் தண்டு வரை. மனுசி சிரித்த சிரிப்பில் கண்ணாடி கழன்று சட்டிக்குள் விழுந்தது. தேடி எடுக்கக் கொஞ்ச நேரமாயிற்று. பிறகு சுவாமியார்தான் சொன்னார், கல்லறைக்கு வெளிறின பயிர் வேண்டும், பச்சை என்பது உயிர்ப்பு, நீ உயிர்த்த ஞாயிற்றை வியாழக்கிழமையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டாய் என்று. அதனால் சட்டியை ஊதாத் துணியால் மூடிச் பீடத்துக்குப் பின்னால் இருக்கிற சக்கிறிஸ்தி அறையில் ஒளித்து வைத்து, சனிக்கிழமைப் பூசையில் மணி அடித்தபோது திறந்தார்கள். அவரை பூத்திருந்தது. கோயில் முழுக்கக் கை தட்டியது. இடையில் பெரிய வெள்ளி, கோபாலசிங்கம் வீட்டில் வருடப் பிறப்பு. குகனேஸ்வரி கொண்டுவந்த வடையை ஒருசந்தி நோன்பு என்று சொல்லிப் பூட்டி வைத்துச் சனிக்கிழமை தின்றேன், பல் ஒன்று ஆடுகிறது. அந்தத் தண்டனை போதாதா?

இது எங்கிருந்து வந்தது என்று கேட்கிறீர்கள். படித்த இரண்டு பேர் பீடத்துக்கு முன்னால் நின்று சண்டை பிடித்தும் முடிவாகாத கேள்வி அது. கோபம் வந்தால் வரட்டும், ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நம்முடைய கோயில் திருவிழாவுக்கு நீங்கள் முன்னின்று ஏற்றுகிற கொடி எங்கிருந்து வந்தது? விபூதிப் புதனன்று நெற்றியில் வாங்குகிறோமே, அந்தச் சொல் யாருடையது? றெபேக்காவின் கழுத்தில் என் மகன் கட்டப் போகிற தாலி எந்தச் சுவிசேஷத்தில் இருக்கிறது? நான் இதுவரை கேட்கவில்லை. இனியும் கேட்க மாட்டேன். எல்லாம் பழைய சாமான், நன்றாகத் துடைத்தது. கேட்டது தப்பென்றால் இந்தப் பந்தியை மட்டும் கிழித்துவிட்டு மற்றதைப் படியுங்கள்.

என்மேல் என்ன கோபம் இருந்தாலும் அதைப் பிள்ளைகள்மேல் காட்ட வேண்டாம். விசாரணை வேண்டுமானால் சுவாமியாரிடம் கையெழுத்து வாங்கி அனுப்புகிறேன். சண்டை மறுபடி தொடங்கினதிலிருந்து உங்கள் பக்கத்தை நினைக்காத நாளில்லை, எங்கே இருந்தாலும் மாதா உங்களைக் கைவிடாமல் காக்கட்டும். சம்மந்தியம்மாவுக்கு எங்கள் அன்பு, றெபேக்காவுக்கு ஆசீர். நாளும் திகதியும் குறித்து ஒரு வரி எழுதினால் இந்த வீட்டில் நான்கூடச் சாப்பிடுவேன்.

இப்படிக்கு,
உங்கள் வார்த்தைக்குக் காத்திருக்கும்
பீலிக்ஸ்

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போன நேரத்தில் விமலராஜ் வந்தான். இன்று பின்னேரம் கொழும்புக்குப் பறக்கிறவன் அவன்தான், கையோடு கொண்டுபோய்த் தருவதாக ஏற்பாடு. "உன்ர படத்தாலை வந்த வினையடா தம்பி," என்றேன். "எந்தப் படம் மாமா?" என்றான். "சட்டியோட நான் நிண்ட படம்." "அது வரேல்லை மாமா. அதிலைதான் றோல் முடிஞ்சது. வெளிச்சம் மட்டும்தான் அடிச்சது," என்றான். அப்படியானால் தாய்க்கு அனுப்பியது எது என்று கேட்டேன். உயிர்த்த ஞாயிற்றுக்கு அடுத்த திங்கள் எல்லோரும் கடற்கரைக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டு போனபோது எடுத்ததாம். ஸ்ரீபன் திரும்பி நின்று இறைச்சி சுடுகிறானாம். அவன் பின்மண்டை மட்டும் நன்றாக விழுந்திருக்கிறதாம்.

மூப்பர், உங்கள் மாப்பிள்ளைக்கு ஒரு குடுமி இருந்தது. இரண்டு வருடமாக இருந்தது. தினமும் பார்த்துப் பார்த்து எனக்கு அது கண்ணில் படுவதே இல்லை. அது எங்கிருந்து வந்தது என்றால், அதற்குப் புறச்சமயமும் காரணமில்லை, வேதமும் காரணமில்லை, உதைபந்தாட்டம்; இந்த நாட்டின் பேர்பெற்ற ஆட்டக்காரர் ஒருவருக்குப் பின்னால் குடுமி இருக்கிறது, அதைப் பார்த்து வளர்த்தது. தாய் கெஞ்சியும் வெட்டவில்லை, சுவாமியார் சொல்லியும் வெட்டவில்லை, குசினி முதலாளி வேலையை விட்டு நிறுத்துவேன் என்று மிரட்டியும் வெட்டவில்லை. நாங்கள் கதைத்ததை அவன் உள்ளே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான். வந்து உங்கள் நாலு வரியையும் வாங்கிப் படித்தான். போய் மீன் வெட்டுகிற கத்தரிக்கோலால் அடியோடு வெட்டிக் கொண்டுவந்து மேசையில் வைத்து, "மாமாவுக்கு அனுப்புங்கோ அப்பா," என்றான். அவன் அழவில்லை. நான் அழுதுவிட்டேன். அதை இத்துடன் வைத்திருக்கிறேன், மீன் வாடை அடித்தால் மன்னிக்கவும்.

அப்படியென்றால் மேலே எழுதியதைக் கிழித்துவிடலாம் என்று எடுத்தேன். செலஸ்ரீனா விடவில்லை. அத்தனை பக்கத்தையும் அவள் இப்போதுதான் படித்தாள். "மறைச்சு ஒரு சம்மந்தம் வேண்டாம், உள்ளதெல்லாம் போகட்டும்," என்று, தானே ஒட்டுவதற்குக் கடித உறையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்கிறாள். ஆகவே திகதியை எழுதுங்கள். வேறு ஏதும் குறை கண்டால், அது இன்னதென்று பெயர் சொல்லி எழுதுங்கள். என்னை ஊகிக்க விடாதீர்கள் மூப்பர், என்னிடம் இன்னும் நிறைய இருக்கிறது.